மில்லுக்குப் பக்கத்து சினிமா கொட்டாய் எப்படிப் போச்சு?

நொய்யல்கரையான்:

சிங்காநல்லூருக்குக் கிழக்கே, திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகிற மில் ரோடு ஒன்றில் எங்கள் தியேட்டர் இருந்தது. பெயர் ஒன்று போர்டில் எழுதியிருந்தது, ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை, எல்லாருக்கும் அது கொட்டாய்தான். கூரையில் தொடங்கி, ஓடு மாறி, கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வரைக்கும் வந்த கட்டடம். இன்று அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் நிற்கிறது, கீழே ஒரு மருந்துக்கடையும் ஏடிஎம்மும். அங்கே குடியிருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தரைக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நான் கேட்க வந்தது வேறு. இந்த மாதிரி ஏரியா தியேட்டர்கள் ஏன் போயின என்று யாரைக் கேட்டாலும் "டிவி வந்துச்சு, கேபிள் வந்துச்சு, போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டிவி வந்தது எல்லாருக்கும்தானே? டவுனுக்குள் இருந்த பெரிய தியேட்டர்கள் அதற்கப்புறமும் இருபது வருடம் ஹவுஸ்புல் போர்டு மாட்டின, எங்கள் கொட்டாய் மட்டும் ஏன் முதலில் விழுந்தது?

என் கணக்கு இது. எங்கள் தியேட்டரை நடத்தியது முதலாளி இல்லை, மில் சங்கு. பகல் ஷிப்டுக்காரர்கள் ஆறரை மணி ஆட்டத்துக்கு வருவார்கள், நள்ளிரவு வரைக்கும் வேலை பார்க்கிற ஆஃப் நைட்டுக்காரர்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் காலைக்காட்சி பார்ப்பார்கள், ஃபுல் நைட் முடித்தவர்கள் காலையில் தூங்கி எழுந்து மத்தியானம் ரெண்டரை ஆட்டத்துக்கு வந்து நிற்பார்கள். கிராமத்துக் கொட்டாயில் பொழுதோட ஆட்டமும் ரவைக்கு ஆட்டமும், அதாவது சாயங்காலமும் ராத்திரியும்தான் ஓடும், எங்கள் ஊரில் புதன்கிழமை மத்தியானம்கூட தரை டிக்கெட்டில் கூட்டம் இருக்கும். மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில்தான் நாலு ஆட்டம் ஓடும். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி மில்கள் எப்படிப் பெருகின என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை, அந்த மில்களின் வாசலில்தான் இந்தத் தியேட்டர்களும் முளைத்தன. மில் படுத்தது, கொட்டாயும் படுத்தது.

சரியா தப்பா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டவுன்ஹால்வாசி:

மில்லுக்கு முந்தி ஒரு கதை இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்களே. கோயமுத்தூருக்கு சினிமா வந்தது மின்சாரத்துக்கு வெகு முன்னால். சாமிக்கண்ணு வின்சென்ட் நம்ம ஊர்க்காரர், ரயில்வேயில் படம் வரைகிற வேலையில் திருச்சியில் இருந்தவர். 1905இல் அங்கே படம் காட்ட வந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடம்பு முடியாமல் போக, அவரிடமிருந்து மெஷினையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் கிளம்பிவிட்டார். பர்மா, மலாயா வரைக்கும் போய்வந்த மனிதர், 1914இல் கோவையில் நிரந்தரமாக ஒரு கட்டடமே கட்டினார், வெரைட்டி ஹால். அப்புறம் அது டிலைட் தியேட்டர் ஆனது. இப்போது கட்டடமும் இல்லை, இடித்தாகிவிட்டது. வி.எச். ரோடு என்று தினமும் சொல்கிற ஆட்டோக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு எழுத்து ஒரு தியேட்டரின் பெயர் என்று தெரியும்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம பக்கம் படம் பார்க்கிற ஊர் மட்டும் இல்லை, படம் எடுத்த ஊர். உங்கள் சிங்காநல்லூர் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ 1935இல் வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி அங்கே எடுத்ததுதான், அதற்கு வசனம் எழுத வந்த கலைஞர் சிங்காநல்லூரில் குடியிருந்தார். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த மலைக்கள்ளன், ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப்படம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது, அதன் வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. ஸ்டூடியோக்கள் எல்லாம் மெட்ராசுக்குக் குவிந்தபோதே நம்ம பக்கத்து சினிமாவுக்கு முதல் அடி விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.


நொய்யல்கரையான்:

//ஸ்டூடியோக்கள் எல்லாம் மெட்ராசுக்குக் குவிந்தபோதே நம்ம பக்கத்து சினிமாவுக்கு முதல் அடி//

அண்ணா, பெருமை சரி, ஆனால் படம் எங்கே எடுத்தால் எங்கள் கொட்டாய்க்கு என்னங்க? வடபழனியில் எடுத்த படமும் எங்கள் மில்காரர்கள் விசிலடித்துப் பார்த்ததுதானே. ஸ்டூடியோ போனதும் தியேட்டர் போனதும் இரண்டு தனித்தனிக் கதை. அதைத் தனியாகப் பேசலாம்.


பழைய ஆப்பரேட்டர்:

நான் இந்த வேலையில் இருந்தவன். பெரிய ஆப்பரேட்டர் இல்லை, ரீல் சுற்றிக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்து, அப்புறம் லைசென்ஸ் எடுத்தேன். தியேட்டர் கதை பேசுகிறவர்கள் எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள், பின்னால் இருந்து ஒரு ஆள் பேசினால் குற்றமில்லையே.

மெஷின் ரூமில் இரண்டு புரொஜெக்டர். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும், இரண்டை ஒட்டினால் இருபது சொச்சம். ஒரு படம் பதினஞ்சாயிரம் அடி என்றால் ரெண்டே முக்கால் மணி நேரம். ஒரு மெஷினில் ரீல் முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வரும், அது வந்ததும் அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும், ரெண்டாவது பொட்டு வந்ததும் மாற்ற வேண்டும். நல்ல ஆப்பரேட்டர் கையில் மாறினது யாருக்கும் தெரியாது. பிரிண்ட் பல ஊர் சுற்றி எங்களிடம் வரும்போது ரீல் நுனியெல்லாம் அறுந்து, ஒட்டி, அந்தப் பொட்டே போயிருக்கும். நாங்கள் வசனத்தை வைத்துத்தான் மாற்றுவோம். இந்த ஆள் கதவைச் சாத்தினால் மாற்று, அந்தம்மா திரும்பிப் பார்த்தால் மாற்று.

வெளிச்சம் கார்பன். இரண்டு குச்சி, நடுவில் நெருப்பு. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், கூடினால் திரை மங்கும், உடனே கீழே இருந்து "டேய், கார்பனத் தள்ளுடா!" என்று சத்தம் வரும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடியே தள்ளியிருக்கிறேன். கார்பன் விலை ஏற ஏற முதலாளி குச்சியை அடிக்கட்டை வரைக்கும் எரிக்கச் சொல்வார். மிச்சத் துண்டுகளைப் பள்ளிக்கூடப் பசங்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். செனான் விளக்கு டவுன் தியேட்டர்களில் வந்து பல வருடம் கழித்தும் எங்களிடம் கார்பன்தான்.

நொய்யல்கரையான் தம்பி, மில் சங்கு சொன்னது வாஸ்தவம். ஆனால் கூட்டம் குறைந்ததற்கு முன்னாடியே பிரிண்ட் கெட்டுப்போனது. டவுனில் ஐம்பது நாள், நூறு நாள் ஓடி முடிந்து, மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்து, பாட்டில் ஒரு சரணமே காணாமல் போன பிரிண்ட்தான் எங்களுக்கு. பாட்டு எங்கே என்று கேட்டு அடிக்க வருவான். நான் என்ன செய்வேன்? ரீலில் இல்லாததை நான் எங்கிருந்து ஓட்ட?


ஈரோட்டு செல்வி:

அண்ணன்மார் எல்லாரும் மெஷினும் மில்லும் பேசுகிறீர்கள். பெண்கள் எப்போது வருவதை நிறுத்தினார்கள் என்று பார்த்தால் பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர்க் கொட்டாயில் பெண்களுக்குத் தனிப்பக்கம், நடுவில் இடுப்பளவு தட்டி. அம்முச்சி, சித்தி, பக்கத்து வீட்டக்கா, இடுப்பில் குழந்தைகள் என்று பத்துப் பேர் சேர்ந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சோறாக்கி மூடி வைத்துவிட்டு, முதல் ஆட்டத்துக்குப் போவோம். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அந்தச் சத்தம் கேட்டபிறகு வீட்டைப் பூட்டிக் கிளம்பினாலும் நியூஸ் ரீல் ஓடி முடிவதற்குள் போய்விடலாம். பெண்கள் பக்கம் நிறைந்தால்தான் படம் ஓடும் என்று முதலாளிக்குத் தெரியும். அதனால்தான் சாமிப்படம் வந்தால் ஆட்டக்காரனை வைத்துத் தப்பட்டை அடித்து, வண்டியில் தட்டி கட்டி, ஊர் ஊராக நோட்டீஸ் வீசுவார்.

முதலில் வீட்டுக்கு வந்தது டெக், வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. கலர் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, தெருவே காசு போட்டு, விடிய விடிய மூணு படம் பார்த்தோம். அப்புறம் 1993இல் சன் டிவி. பெண்கள் பக்கம் காலியானது அங்கேதான். பெண்கள் வராத தியேட்டருக்கு என்ன படம் வரும்? காலைக்காட்சியில் மலையாளப் போஸ்டர் ஒட்டத் தொடங்கினார்கள். அந்தப் போஸ்டர் ஒட்டிய தியேட்டர் வாசலில் எங்கள் அப்பா எங்களைப் பஸ்ஸுக்குக்கூட நிற்க விடவில்லை. ஒரு தடவை அந்தப் பெயர் விழுந்தால் திரும்ப நல்ல படம் போட்டாலும் குடும்பம் வராது. ஆக டிவியைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.


படப்பெட்டிக்காரன்:

இருபது வருடத்துக்கு மேல் விநியோக ஆபீசில் வேலை பார்த்தவன், பிரதிநிதியாகப் படச்சுருள் பெட்டியோடு ஊர் ஊராகப் போனவன். நொய்யல்கரையான் மில் என்கிறார், செல்வி டிவி என்கிறார், ஆப்பரேட்டர் அண்ணன் பிரிண்ட் என்கிறார். மூன்றும் உண்மை, ஆனால் இந்தத் தியேட்டர்கள் எதை வைத்துப் பிழைத்தன என்று யாரும் சொல்லவில்லை. காத்திருப்பை வைத்துப் பிழைத்தன.

புரியும்படி சொல்கிறேன். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படம் விற்பார்கள். கோவை ஏரியா என்றால் இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி. சேலம் தனி ஏரியா. ஏரியாவுக்கு இவ்வளவு பிரிண்ட் என்று கணக்கு. பிரிண்ட் போடுவது செலவான காரியம், கச்சா பிலிமுக்கே பணம் கொட்ட வேண்டும். அதனால் இருக்கிற பெட்டிகள் முதலில் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் மாதிரி ஏ சென்டருக்குப் போகும். அங்கே கூட்டம் குறைந்த பிறகு பொள்ளாச்சி, கோபி, உடுமலை. கடைசியில்தான் சி சென்டர், அதாவது உங்கள் மில் ரோட்டுக் கொட்டாய். ரிலீசாகி மாதக்கணக்கு ஆகியிருக்கும். அவசரத்தில் ஒரே பெட்டியை இரண்டு தியேட்டர் பங்கு போட்டு ஓட்டியதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அடுத்த தியேட்டருக்கு மிதிப்பான், நடுவில் டயர் பஞ்சரானால் அங்கே இடைவேளை நீளும்.

டவுனில் படம் பார்க்க பஸ் காசு, டிக்கெட் காசு, டீக்காசு என்று கணக்குப் பார்க்கிறவன், "நம்ம கொட்டாய்க்கு வரட்டும்" என்று காத்திருப்பான். அந்தக் காத்திருப்புதான் சி சென்டரின் மூலதனம். பழைய படத்துக்கு வாடகையும் குறைச்சல். மூன்று நாளைக்கு இவ்வளவு என்று ஃபிக்ஸட் ஹையரில் எடுப்பார்கள். படுத்தாலும் முதலாளி சாக மாட்டார். புதுப்படம் வேண்டும் என்றால் எம்.ஜி. கட்ட வேண்டும், அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று முன்னாடியே பணத்தை வைக்க வேண்டும். ஷீட் போட்ட கொட்டாய்க்காரரால் அது முடியுமா?

காத்திருப்பு எப்படிப் போனது என்று பாருங்கள். திருட்டுக் கேசட்டுக்குப் பயந்து விநியோகஸ்தர்கள் பிரிண்டைக் கூட்டினார்கள், ஒரே நாளில் ஏ சென்டர், பி சென்டர் எல்லாவற்றிலும் ரிலீஸ். நூறு நாள் ஓட வேண்டிய படம் மூன்று வாரத்தில் முடிந்தது. அப்புறம் கியூப் மாதிரி, பிலிம் இல்லாமலே படம் காட்டுகிற டிஜிட்டல் வந்தது, 2005க்குப் பிறகு பெட்டி என்ற பொருளே மெல்ல மெல்ல இல்லாமல் போனது. பெட்டியே இல்லை என்றால் முதலாவது யார், கடைசி யார்? எல்லாரும் ஒரே வெள்ளிக்கிழமை படம் போட்டால், ஏசியும் டிடிஎஸ்சும் இருக்கிற தியேட்டருக்குப் போவானா, மின்விசிறி கிரீச்சிடுகிற தியேட்டருக்குப் போவானா? கொஞ்ச நாளிலேயே டிவியில் போட்டுவிடுவான் என்றால் கொட்டாய்க்கு எந்தப் படம் மிஞ்சும்?


பீளமேட்டுப் பையன்:

நான் இந்தத் தலைமுறை, மால் தியேட்டரில் படம் பார்க்கிறவன். உண்மையைச் சொன்னால் நீங்கள் எல்லாரும் கொஞ்சம் கற்பனையில் மிதக்கிறீர்கள். மூட்டைப்பூச்சி, பீடிப்புகை, கழிப்பறை நாற்றம், பிளாக்கில் டிக்கெட், இதெல்லாம் இல்லையா? காசு கொடுக்கிறவன் நல்ல இடத்துக்குப் போனான், அவ்வளவுதானே. இதில் துக்கம் விசாரிக்க என்ன இருக்கிறது?


நொய்யல்கரையான்:

தம்பி, மூட்டைப்பூச்சி இருந்தது. "புகை பிடிக்காதீர்கள்" சிலைடு ஓடும்போதே அந்தப் புகையில்தான் வெளிச்சக்கற்றை தெரியும். கழிப்பறைக்குச் சுவரே கிடையாது என்று சொன்னாலும் மிகையில்லை. நான் கேட்டது நல்லதா கெட்டதா என்று இல்லை, ஏன் போச்சு என்று. நல்ல இடத்துக்குப் போனான் என்கிறாய், எல்லாரும் போகவில்லையே. எங்கள் ரோட்டில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்துப் பாதியில் நின்றவர்கள் யாரும் மாலுக்குப் போகவில்லை, சினிமா பார்ப்பதையே விட்டார்கள். நான்கு பேர் குடும்பம் ஒரு தடவை போய்வந்தால் ஆகிற செலவைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குப் போகலாம் என்று தீர்மானிக்கிற ஆட்களும் உண்டு. கொட்டாய் போனதில் ஒரு பெரிய கூட்டம் படம் பார்க்கிற பழக்கத்தை விட்டு வெளியே போனது, அவர்கள் வேறு தியேட்டருக்கு மாறவில்லை. அதுதான் என் கவலை.

படப்பெட்டி அண்ணன் சொன்ன காத்திருப்பை நான் யோசித்ததில்லை. ஆனால் மில்லை விட்டுவிட முடியாது. 1974இல் நலிந்த மில்களை மத்திய அரசு ஏற்று, என்.டி.சி. என்கிற தேசியப் பஞ்சாலைக் கழகத்தில் சேர்த்தபோதே சில மில்கள் ஆடிப்போயிருந்தன. எண்பதுகளில் லே-ஆஃப், கதவடைப்பு, ஸ்டிரைக். சம்பள நாளுக்கு மறுநாளும் தீபாவளி போனஸ் வாரத்திலும் நிறைந்த தியேட்டருக்குச் சம்பள நாளே இல்லாமல் போனால்? காத்திருக்கிற ஆள் இருந்தாலும் காசு வேண்டுமே.


படப்பெட்டிக்காரன்:

அதை ஒப்புக்கொள்கிறேன். டி.சி.ஆர். பார்த்தவனுக்குத் தெரியும். தினசரி வசூல் அறிக்கை, எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், வரி எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு என்று அச்சடித்த தாளில் எழுதித் தருவார்கள். மில் ஏரியா தியேட்டரில் மாதத்தின் முதல் பாதிக்கும் பின் பாதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனாலேயே நல்ல படத்தை மாத முதல் வாரத்துக்குக் கேட்டு முதலாளிகள் ஆபீசில் வந்து உட்காருவார்கள்.

இன்னொன்று, டிக்கெட்டில் பாதிச் சண்டை வரியைப் பற்றியதுதான். கேளிக்கை வரி, அதைச் சோதிக்க வருகிற வணிகவரி அதிகாரி, அவர் வருகிறார் என்று தெரிந்தால் கிழித்த டிக்கெட்டும் கிழிக்காத டிக்கெட்டும் படுகிற பாடு. விவரமாக எழுதினால் சிலருக்கு வலிக்கும், விடுங்கள். 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்தது, அது வந்தபோது எங்கள் சி சென்டர்கள் பாதி மூடியாகிவிட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்து நூறு ரூபாய்க்கு மேல் 28 சதவீதம், அதற்குள் 18 சதவீதம், அதற்கு மேலே உள்ளாட்சி வரி வேறு என்றதும் ஜூலை முதல் வாரம் தியேட்டர்களை மூடிப் போராட்டம் நடந்தது ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரியில் அது 18, 12 என்று குறைந்தது. இதெல்லாம் உயிரோடு இருந்தவர்களின் சண்டை.


பனியன் கம்பெனி:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்கிற எதுவும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது, ஏனுங்க? எங்களுக்கு மில் படுக்கவில்லை, வேலை கூடியது. எண்பதுகளில் ஏற்றுமதி சூடு பிடித்து, மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வந்து குவிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு, கையில் வாரச் சம்பளம், சனிக்கிழமை ராத்திரி ரெண்டாவது ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காது. கூட்டத்துக்குக் குறையே இல்லை. அப்படியிருந்தும் தியேட்டர்கள் போயின. ஏன்?

இடம். அவ்வளவுதான். தியேட்டருக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், சைக்கிள் ஸ்டாண்டுக்கே ஒரு சொத்து. ஊருக்கு வெளியே என்று வாங்கிய காடு நடு ஊராகிவிட்டது. டிக்கெட்டில் வருகிற வருமானத்தையும் அந்த இடத்தைக் கொடவுனுக்கோ கட்டிங் செக்‌ஷனுக்கோ வாடகைக்கு விட்டால் வருவதையும் எந்த முதலாளியும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார். தூண் இல்லாத பெரிய ஹால், உயரமான கூரை, லாரி வந்து திரும்புகிற வாசல், பனியன் கம்பெனிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் பால்கனிப் படிகள் மேலேயே பலகை போட்டுச் சமன் செய்து, துணிக்கட்டு அடுக்கியிருந்தார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் போனால் பவர்லூம் தறி ஓடும். மற்ற ஊர்களில் கல்யாண மண்டபம்.

இன்னொரு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்பாரு கட்டிய தியேட்டர், அப்பா நடத்தினார், இப்போது பங்காளிகள் ஆறு பேர். தோட்டத்தைப் பிரிக்கலாம், வீட்டைப் பிரிக்கலாம், ஓடுகிற தியேட்டரை எப்படிப் பிரிப்பது? விற்றுப் பணமாக்கிப் பிரிப்பதுதான் ஒரே வழி. டிவியும் வேண்டாம், டிஜிட்டலும் வேண்டாம், பாகப்பிரிவினை ஒன்றே போதும்.


பொள்ளாச்சிச் சந்தை:

பனியன் கம்பெனி சொன்னதுதான் எங்கள் பக்கமும். ஆனால் கூரைக் கொட்டாய்கள் அதற்கு முன்னாடியே போய்விட்டன. டூரிங் டாக்கீஸ் என்றால் லைசென்சே தற்காலிகம், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பகலில் வெளிச்சம் உள்ளே வருமென்பதால் பொழுதோட ஒன்று, ரவைக்கு ஒன்று, இரண்டே ஆட்டம். 1979இல் தூத்துக்குடியில் கூரைக் கொட்டாய் தீப்பிடித்து ஏகப்பட்ட பேர் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அப்பிச்சி வீட்டில் யாரையும் படத்துக்கு அனுப்பவில்லை. மணல் வாளி வைத்தாயா, வழி விட்டாயா என்று கேட்கத் தொடங்கினால் கூரைக்காரர் என்ன செய்வார்? ஒன்று ஓடோ ஷீட்டோ போட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டும், இல்லை மூட வேண்டும். போட்டவர்கள் கடனில் போட்டார்கள். அந்தக் கடனை அடைக்கிற நேரத்தில்தான் டெக் வந்தது.

அப்புறம், சந்தை நாள் கணக்கு எங்கள் ஊரில் உண்டு. வியாழக்கிழமை மாட்டுச் சந்தைக்கு வருகிற கேரளத்து வியாபாரிகள் ராத்திரி தங்கினால் ரெண்டாவது ஆட்டம் பார்ப்பார்கள். லாரியும் போனும் வந்தபிறகு தங்குகிற ஆள் குறைந்துவிட்டார். இதெல்லாம் சின்னச் சின்னக் காரணம்தான், ஆனால் கொட்டாய் பிழைத்ததே இந்த மாதிரிச் சில்லறைக் கூட்டத்தில்தானே.


ஈரோட்டு செல்வி:

ஆப்பரேட்டர் அண்ணனிடம் ஒரு கேள்வி. மூடியபிறகு மெஷின் எல்லாம் என்ன ஆகும்? யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?


பழைய ஆப்பரேட்டர்:

எடை போட்டார்கள் அம்மிணி. இரும்பு கிலோ கணக்கு. லென்சை மட்டும் தனியாகக் கழற்றி ஒரு ஆள் வாங்கிப் போனார். சேரும் பெஞ்சும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். மெஷின் நல்ல நிலையில்தான் இருந்தது, ஆனால் ஓட்ட பிலிம் வேண்டுமே. கடைசி இரண்டு வருடம் உதிரிப் பாகத்துக்கு மூடிப்போன வேறு தியேட்டர்களில் தேடித்தான் ஓட்டினோம். எனக்கு முதலாளி மேல் கோபமில்லை, மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்துத்தான் அனுப்பினார். நான் அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். அதுவும் பழைய தியேட்டர்தான். மெஷின் ரூம் சன்னல் ஓட்டை இரண்டும் செங்கல் வைத்து அடைத்திருந்தது, பூச்சு மட்டும் சரியாக ஒட்டாமல் சதுரமாகத் தெரிந்தது.


நொய்யல்கரையான்:

என் ஊர்க் கொட்டாய் எந்த வருடம் தொடங்கியது என்று ஆளுக்கு ஒரு வருடம் சொல்கிறார்கள். மாமா ஒருவர் சீனா யுத்தத்துக்கு முன்னால் என்கிறார், பெரியப்பா அதெல்லாம் இல்லை, பஸ் வந்தபிறகுதான் என்கிறார். முன்வரிசை மணலா பெஞ்சா என்பதில்கூட இரண்டு கட்சி. இதை எங்கே உறுதி செய்வது?


படப்பெட்டிக்காரன்:

மணலா பெஞ்சா என்பதை வயதைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள், அறுபதைத் தாண்டியவர் மணல் என்பார், அதற்குக் கீழே இருப்பவர் பெஞ்சு என்பார், இரண்டும் அந்தந்தக் காலத்தில் இருந்ததுதான்.

வருடத்துக்கு வழி இருக்கிறது. தியேட்டர் நடத்த சி ஃபார்ம் லைசென்ஸ் வேண்டும், 1955ஆம் வருடத்து சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி கொடுக்கிறவர் கலெக்டர். அதற்கு முன்னால் கட்டடத்துக்குப் பொதுப்பணித்துறை, மின்சாரத்துக்கு எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொருவரிடமும் சான்று வாங்கி, வரைபடத்தோடு பைல் போயிருக்கும். எத்தனை சேர், எத்தனை வாசல், மெஷின் ரூம் அளவு எல்லாம் அதில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாருங்கள், தியேட்டர் பெயரும் கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும் தெரிந்தால் தேடச் சுலபம். உங்கள் ஊர் இன்னும் கோவை மாவட்டத்தில்தான் இருப்பதால் சிக்கல் இல்லை. ஈரோட்டுக்காரர்கள் பார்த்தால் 1979க்கு முந்திய பைல் கோவையில் கிடக்குமா, பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அங்கே போயிருக்குமா என்று இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது, அங்கேயும் அதே பாடு. மனு எழுதும்போது தியேட்டருக்கு நடுவில் பெயர் மாறியிருந்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள், இல்லையென்றால் அப்படி ஒரு பைலே இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.